ஒரு பட்டை கழன்ற உலக உருண்டை

என் மேசைமேல் ஓர் உலக உருண்டை இருக்கிறது. 30 செ.மீ. விட்டம், உள்ளே கெட்டி அட்டை, மேலே காகிதம். ரொம்பப் பழையது. போன் பேசும்போது கை சும்மா இருக்காமல் அதை உருட்டிக்கொண்டே இருக்கும். இத்தனை வருடப் பழக்கத்திலும், அந்தக் காகிதம் பட்டை பட்டையாக ஒட்டப்பட்டது என்பது என் கண்ணில் பட்டதே இல்லை. போன மாதம் ஈரத்துணியால் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். மறுநாள் காலை ஒரு பட்டை பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மீதிப் பாதியை நானே உரித்தேன். செய்திருக்கக் கூடாது, ஆனால் அந்த நேரத்தில் கை நிற்கவில்லை.

கையில் வந்தது ஒரு நீளமான இலை வடிவம். இரண்டு முனையும் கூர், நடுவில் வயிறு. வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை 47 செ.மீ. நீளம், பூமத்திய ரேகையில் 8 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான அகலம். இப்படி 12 பட்டைகள் சேர்ந்தால் ஓர் உலகம். ஒவ்வொன்றுக்கும் 30 பாகை தீர்க்கரேகை. கழன்றது 180 பாகையிலிருந்து மேற்கு 150 பாகை வரை உள்ள பட்டை. கிட்டத்தட்ட எல்லாம் நீலம். உச்சியில் ரஷ்யாவின் கிழக்கு மூக்கும் அலாஸ்காவின் மேற்குப் பக்கமும், நடுவில் ஹவாய்த் தீவுகள், அடியில் அண்டார்க்டிகாவின் ஒரு துண்டு.

அதை மேசையில் வைத்தேன். கொஞ்சம் சுருண்டது, அப்புறம் தட்டையாகப் படுத்துக்கொண்டது.

எனக்கு அது ஒரு சின்ன அவமானம். ஏனென்றால் "தட்டை வரைபடம் பொய் சொல்லும், உருண்டைதான் உண்மை" என்று பல பேரிடம் பெரிய மனிதத்தனமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த உண்மை என்பது 12 தட்டை வரைபடங்களை நனைத்து, இழுத்து, ஓரம் தெரியாமல் ஒட்டிய வேலை என்று இப்போதுதான் தெரிகிறது.

தட்டைத் தாள் எப்படிப் பந்தில் உட்கார்ந்தது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருண்டையில் பட்டையின் நடுக்கோடு ஒரு தீர்க்கரேகை. அதன் இரண்டு ஓரங்களும் தீர்க்கரேகைகள்தான். மூன்றும் ஒரே நீளமாக இருந்தாக வேண்டும்: 47.1 செ.மீ. ஆனால் மேசையில் கிடக்கும் தாளில் நடுக்கோடு நேர்கோடு, ஓரங்கள் வளைகோடு. அகலங்களைச் சரியாக வைத்து வரைந்தால் வளைந்த ஓரம் 47.9 செ.மீ. வரும். எட்டு மில்லிமீட்டர் அதிகம். அந்த எட்டு மில்லிமீட்டர் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பசை ஈரத்தில் காகிதம் ஊறி, நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு, ஓரம் கொஞ்சம் சுருங்கி உட்காருகிறது. உருண்டை செய்கிறவரின் கைத்திறமை முழுக்க அந்த எட்டு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

சரி, 12க்குப் பதில் 24 பட்டை வைத்தால்? வித்தியாசம் 2 மி.மீ. ஆகக் குறைகிறது. நூறு பட்டை வைத்தால் இன்னும் குறையும். பூஜ்யம் மட்டும் ஆகாது. கோளத்தைத் துல்லியமாகத் தட்டையாக்க முடியாது என்பதை ஆய்லர் என்ற கணித மேதை 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். அதற்கு ஆழமான காரணத்தை 1827இல் சொன்னவர் ஜெர்மன் கணித மேதை காஸ். ஒரு பரப்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை அதைவிட்டு வெளியே வந்து பார்க்க வேண்டியதில்லை, அதன்மேலேயே ஊர்ந்து அளந்து கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் கண்டது. பூமத்திய ரேகையில் ஓர் இடத்தில் கிளம்பி நேரே வட துருவம் போய், அங்கே செங்கோணம் திரும்பி மறுபடி பூமத்திய ரேகைக்கு இறங்கி, அதன் வழியாகவே கிளம்பிய இடத்துக்கு வாருங்கள். நீங்கள் நடந்தது ஒரு முக்கோணம், மூன்று கோணமும் 90 பாகை, கூட்டினால் 270. தட்டைத் தாளில் எந்த முக்கோணமும் 180ஐத் தாண்டாது. நீட்டாமல் சுருக்காமல் மடக்கினால் மட்டும் இந்த எண் மாறாது. ஆகவே 270ஐ 180 ஆக்க வேண்டுமானால் எங்கோ நீட்டியோ சுருக்கியோதான் தீர வேண்டும்.

காஸுக்கு இது வெறும் தாள் கணக்கு அல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அந்தக் காலகட்டத்தில் அவர் ஹானோவர் நாட்டை நில அளவை செய்துகொண்டிருந்தார். வெயிலில் நின்று கோணம் அளந்தவர் அவர்.

பட்டை ஒட்டும் வித்தை புதியதல்ல. 1507இல் வால்ட்சீமுல்லர் என்ற ஜெர்மன் வரைபடக்காரர் அச்சிட்ட உலக உருண்டைத் தாளிலும் 12 பட்டைகள் வரிசையாக நிற்கின்றன. வெட்டி ஒட்டினால் கைக்கு அடங்கும் ஒரு சின்னப் பந்து அளவுக்கு வரும். 'அமெரிக்கா' என்ற பெயர் அச்சேறிய முதல் தாள்களில் அதுவும் ஒன்று. அதற்குப் பதினைந்து வருடம் முன்னால் நியூரம்பெர்கில் மார்ட்டின் பெஹைம் செய்வித்த உருண்டைதான் இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பூமி உருண்டை. அது கையால் தீட்டியது. அதில் அமெரிக்காவே கிடையாது. ஐரோப்பாவிலிருந்து மேற்கே போனால் நேரே ஆசியா. கொலம்பஸ் கிளம்பிய அதே 1492ஆம் வருட வேலை என்பதால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பட்டை உரிந்த கதையைக் கேட்டு அக்கா மகள் பார்க்க வந்தாள். வந்தவள் கேட்டது பட்டையைப் பற்றி அல்ல. "மாமா, விமானம் போற பாதையைத் திரையில் காட்டும்போது ஏன் வில்லு மாதிரி வளைச்சுக் காட்டுறாங்க? நேரா போனா எண்ணெய் மிச்சம் ஆகாதா?"

ஒரு நூலை எடுத்துக் கொடுத்தேன். "லண்டன்ல ஒரு முனை, லாஸ் ஏஞ்சலீஸ்ல ஒரு முனை. இறுக்கிப் பிடி." நூல் கிரீன்லாந்து மேல் போய் உட்கார்ந்தது. அவள் நம்பாமல் இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். நூலை அளந்தால் 20 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். இந்த உருண்டையில் 1 மி.மீ. என்பது சுமார் 42.5 கி.மீ. அப்படியானால் 8,700 கி.மீ. சொச்சம். சரியாகவே வருகிறது. வளைவு விமானத்தில் இல்லை, திரையில்தான் இருக்கிறது.

திரையில் இருப்பது பெரும்பாலும் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் உருவாக்கிய முறை. அதைத் திட்டுவது இப்போது ஒரு நாகரிகம். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை உண்டு. 1569இல் 18 தாள்களில் அவர் வெளியிட்ட படத்தின் தலைப்பிலேயே மாலுமிகளின் உபயோகத்துக்காகத் திருத்தியது என்று எழுதியிருந்தார். மாலுமிக்கு என்ன வேண்டும்? திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால் எங்கே போய்ச் சேருவோம் என்பது படத்தில் ஒரு நேர்கோடாகத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் தீர்க்கரேகைகளை இணைகோடுகளாக நிறுத்த வேண்டும். உருண்டையில் அவை துருவத்தை நோக்கி நெருங்குகின்றன. 60 பாகை அட்சரேகையில் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பூமத்திய ரேகையில் இருப்பதில் சரிபாதி. இணையாக நிறுத்தினால் அங்கே கிழக்கு மேற்கு இரண்டு மடங்கு இழுபடும். அப்படியே விட்டால் கோணம் கெட்டுவிடும். அதனால் வடக்கு தெற்கையும் அங்கே இரண்டு மடங்கு இழுத்தார். தந்திரம் அவ்வளவுதான். இந்த இழுவைக்கு ஒழுங்கான கணக்கு அட்டவணையை முப்பது வருடம் கழித்து, 1599இல், எட்வர்ட் ரைட் என்ற ஆங்கிலக் கணிதர் அச்சில் கொண்டுவந்தார்.

60 பாகையில் நீளம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு. துருவத்தில் முடிவிலி, ஆகவே துருவத்தை வரையவே முடியாது. இந்த விலையைக் கொடுத்துத்தான் கோணத்தை வாங்கினார். கப்பலில் போகிறவனுக்குக் கிரீன்லாந்தின் பரப்பளவு எதற்கு? தப்பு நடந்தது அந்தக் கடல்படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டியபோது. கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் சதுர கி.மீ., ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி. பதினான்கு மடங்கு. சுவரில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன. ஆப்பிரிக்காவின் உள்ளே இருக்கும் காங்கோ ஜனநாயகக் குடியரசு ஒன்றே கிரீன்லாந்தைவிடப் பெரிது, 23 லட்சத்துக்கு மேல். இதை அக்கா மகளிடம் சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்தது ஆச்சரியம் அல்ல, ஏமாற்றப்பட்ட கோபம்.

பிறகு ஏன் போனில் இருக்கும் வரைபடங்களும் அதே முறையில் வந்தன? தெருவைத் தேடுகிறவனும் ஒரு வகையில் மாலுமி. தெருமுனை செங்கோணமாக இருந்தால் திரையிலும் செங்கோணமாக இருக்க வேண்டும், எந்த ஊரானாலும் வடக்கு மேலே இருக்க வேண்டும். சின்ன இடத்தில் வடிவம் கெடாமல் காட்ட மெர்கேட்டர் வசதியானது. துருவப் பக்கம் 85 பாகைக்குக் கொஞ்சம் மேலே வெட்டிவிட்டால் உலகம் ஒரு சதுரமாகவும் வந்துவிடுகிறது. சதுரத்தை நான்காக, பதினாறாக நறுக்கிக்கொண்டே போவது கணினிக்குச் சுலபம். 2018இல் கூகுள் மேப்ஸ் கணினித் திரையில் முழுக்கப் பின்வாங்கிப் பார்த்தால் உருண்டையாகக் காட்டத் தொடங்கியது. நல்ல யோசனை. கிட்டத்தில் சதுரம், எட்டத்தில் உருண்டை.

மெர்கேட்டருக்கு எதிராக நடந்த சண்டைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1973இல் ஆர்னோ பீட்டர்ஸ் என்ற ஜெர்மன் வரலாற்றாளர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, பரப்பளவைச் சரியாகக் காட்டும் தன் படத்தை வைத்தார். எல்லா நாட்டுக்கும் நியாயமான அளவு என்றார். ஏறக்குறைய அதே படத்தை ஜேம்ஸ் கால் என்ற பாதிரியார் 1855இலேயே சொல்லிவிட்டார் என்பது வரைபடக்காரர்களின் எரிச்சல். பரப்பு சரிதான், ஆனால் பூமத்திய ரேகையை ஒட்டிய கண்டங்கள் மெலிந்து நீண்டு தொங்கின. ஆர்தர் ராபின்சன் என்ற அமெரிக்க வரைபடக்காரர், ஆர்க்டிக் வட்டத்தில் காயப்போட்ட ஈர உள்ளாடை மாதிரி இருக்கிறது என்று கிண்டலடித்தார். அவரும் ஒரு படம் செய்தவர்தான், 1963இல். அவர் முறை வேடிக்கையானது. முதலில் சூத்திரம் கிடையாது. கண்ணுக்கு உறுத்தாமல் வரும் வரை வடிவங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, அப்புறம் அதற்கு எண்களை எழுதினார். பரப்பும் கொஞ்சம் தப்பு, கோணமும் கொஞ்சம் தப்பு, எதுவும் ரொம்பத் தப்பு இல்லை. நேஷனல் ஜியோகிராபிக் 1988இல் அதை ஏற்று, 1998இல் விங்கல் திரிபெல் என்ற இன்னொரு சமரசத்துக்கு மாறியது. பரப்பும் சரியாக, பார்க்கவும் ராபின்சன் படம் போல இருக்கும்படி 2018இல் 'ஈக்வல் எர்த்' வந்தது. எனக்குச் சுவரில் மாட்ட அதுதான் பிடிக்கும். வழி கண்டுபிடிக்க அதை எடுக்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கண்ணுக்கே தெரியாத ஒரு சமரசம். ஊர் அளவுக்கான விரிவான வரைபடங்கள் பலவற்றிலும், கையடக்க ஜிபிஎஸ் கருவிகளிலும் வரும் யூடிஎம் என்ற முறை. காஸ் ஹானோவரில் கையாண்ட கணக்கின் வாரிசு அது. உலகத்தை 60 பட்டைகளாக வெட்டுகிறது, ஒவ்வொன்றும் 6 பாகை. அதாவது என் உருண்டையின் பட்டையைப் போல ஐந்தில் ஒரு பங்கு அகலம். ஒட்ட முயற்சி செய்யாமல் தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறார்கள். பட்டையின் நடுக்கோட்டில் அளவு துல்லியமாக இருக்க முடியும். ஆனால் வேண்டுமென்றே 0.9996 ஆல் பெருக்கி, ஒரு கிலோமீட்டருக்கு 40 செ.மீ. குறைத்துவிடுகிறார்கள். ஏன்? நடுவில் துல்லியமாக வைத்தால் பிழை முழுக்க ஓரத்தில் போய்க் குவியும். நடுவில் கொஞ்சம் குறைவு, இருபக்கமும் 180 கி.மீ. தள்ளி மிகச் சரி, அதற்கப்பால் கொஞ்சம் கூடுதல் என்று பரப்பிவிட்டால் எங்கேயும் வலிக்காது. வீட்டில் எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து ஒருவருக்கு இடம் விடுவது போல.

இப்போது மறுபடி உருண்டைக்கு. பட்டை ஒட்டிய குட்டு வெளிப்பட்ட பிறகு அதன் மற்றக் குறைகளையும் எண்ண ஆரம்பித்தேன். முதல் குறை, உலகத்தைப் பாதிகூட ஒரே நேரத்தில் காட்டாது. அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் தெரிவது 38 சதவீதம்தான். அப்பல்லோ 17 விண்வெளி வீரர்கள் 1972 டிசம்பர் 7 அன்று சுமார் 29,000 கி.மீ. தூரத்திலிருந்து எடுத்த அந்தப் புகழ்பெற்ற நீலப் பளிங்குப் படத்தில்கூட 41 சதவீதம்தான் தெரிய முடியும். (அதைத் தென் துருவம் மேலே இருக்கும்படிதான் எடுத்தார்கள். நமக்குப் பழக வேண்டும் என்று பிறகு தலைகீழாகத் திருப்பினார்கள். மேல் கீழ் என்பது தாளுக்குத்தான், உருண்டைக்கு இல்லை.) சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் 400 கி.மீ. உயரம் என் உருண்டையில் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. அங்கிருந்து பார்த்தால் பூமியில் 3 சதவீதம் தெரியும்.

இரண்டாவது, மலை. எவரெஸ்ட் என் உருண்டையில் 0.2 மி.மீ. ஒட்டியிருக்கும் காகிதத்தின் தடிமன்தான் ஏறக்குறைய. விரலால் தடவினால் மலைத்தொடர் நெருடும்படி செய்த உருண்டைகள் உண்டே, அவற்றில் எவரெஸ்ட் 4 மி.மீ. நிற்கிறது என்றால் அது இருபது மடங்கு மிகை. துருவத் தட்டையும் அப்படித்தான். பூமியின் துருவ விட்டம் பூமத்திய விட்டத்தைவிட 43 கி.மீ. குறைவு. 30 செ.மீ. உருண்டையில் சரியாக 1 மி.மீ. எந்த உருண்டைக்காரரும் அதற்காக மெனக்கெடுவதில்லை. ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் விஷயமில்லாததும் அல்ல. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் மிகத் தொலைவில் நிற்கும் சிகரம் எவரெஸ்ட் அல்ல, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் எக்வடோரில் இருக்கும் சிம்பொராசோ. எவரெஸ்டைவிடச் சுமார் 2 கி.மீ. தூரம் அதிகம்.

மூன்றாவது, பருமன். மலையேறுகிறவன் கையில் வைத்திருக்கும் 50,000இல் ஒரு பங்கு வரைபடத்தின் விவரத்தை உருண்டையில் காட்ட வேண்டுமானால் அதன் விட்டம் 255 மீட்டர் ஆகும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், யார்மத் என்ற ஊரில், 1998இல் கட்டிய 'எர்த்தா' என்ற சுழலும் உருண்டை இருக்கிறது. சுமார் 12.5 மீட்டர் விட்டம், மூன்று மாடிக் கண்ணாடிக் கூடத்துக்குள். அதில்கூட ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர்தான். தெருவெல்லாம் தெரியாது. தாள் என்றால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகலாம்.

கழன்ற பட்டைக்கு ஒரு விசேஷம் உண்டு என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன். பெரும்பாலான உலக வரைபடங்கள் உலகத்தை வெட்டும் இடமே இதுதான், 180 பாகை. உலகத்தை எங்கேயாவது வெட்டித்தான் விரிக்க வேண்டும், பசிபிக்கில் வெட்டினால் சேதம் குறைவு. அதனால் தாளில் அலாஸ்கா இடக்கோடியிலும் ரஷ்யா வலக்கோடியிலும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல நிற்கிறார்கள். ரஷ்யாவின் கிழக்கு முனை மட்டும் பிய்ந்துபோய் அலாஸ்கா பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். என் பட்டையில் பெரிங் நீரிணை, குறுகலான இடத்தில், இரண்டே மில்லிமீட்டர். சுமார் 85 கி.மீ. நடுவில் இருக்கும் இரண்டு டயோமீட் தீவுகளில் ஒன்று ரஷ்யாவுக்கு, ஒன்று அமெரிக்காவுக்கு. அவற்றுக்கு இடையே 4 கி.மீ.கூட இல்லை. 1923இல் ஜான் பால் கூட் என்ற புவியியலாளர் கடல்களில் பல இடங்களில் கத்தரித்து, கண்டங்களை முழுசாக வைத்த படத்தைச் செய்தார். கடலாய்வாளர் அதெல்ஸ்டன் ஸ்பில்ஹவுஸ் 1942இல் நேர் எதிராக, கத்தரியை நிலத்தில் வைத்து, எல்லாக் கடலும் ஒரே நீர்ப்பரப்பாகத் தெரியும்படி செய்தார். கடல்காரனுக்குக் கண்டம்தான் ஓரம்.

பட்டையை ஒட்டும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. மாவுப் பசை, ஒரு தட்டில் தண்ணீர், துணி. அக்கா மகள் உருண்டையைப் பிடித்துக்கொண்டாள். பட்டையை ஊறவைத்து, பூமத்திய ரேகையில் முதலில் பொருத்தி, மேலும் கீழுமாக நீவிக்கொண்டே போனேன். ஊறிய காகிதம் சொன்னபடி கேட்கும் என்று நினைத்தேன். வடக்கே சுருக்கம் விழுந்தது. அதை நீவினால் ஓரம் பக்கத்துப் பட்டைமேல் ஏறியது. பெரிங் நீரிணையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதனால் சுருக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளினேன். கடல்தானே, நீலத்தின்மேல் நீலம் ஏறினால் யாருக்குத் தெரியும். தெற்குப் பசிபிக்கில், 180 பாகைக் கோட்டில், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தது. அழுத்தி, துடைத்து, காயவைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அவள் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். பூமத்திய ரேகையைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போனதும் நின்றாள். போனில் பெரிதாக்கி ஒப்பிட்டாள்.

"மாமா, பிஜியில தவேயுனின்னு ஒரு தீவு இருக்கு. சரியா 180 மேலயே இருக்கு. இங்க இல்ல. பக்கத்துல வனுவா லெவுவும் பாதிதான் இருக்கு."